அணையாத பச்சை விளக்கு

வண்டி தானாக நகர்கிறது என்று எஸ்டேட்டிலிருந்து ஆள் வந்து சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். உக்கடத்தில் என் பட்டறை. செல்ஃப் மோட்டார், டைனமோ, பேட்டரி வேலை. அன்று காலை ஒரு லாரியின் செல்ஃப் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக் கரிக்கையோடு உட்கார்ந்திருந்தேன். வண்டி நகரவில்லை என்று வருகிறவர்களைத்தான் எனக்குத் தெரியும். நகர்கிறது என்று புகார் சொல்லி வந்தவர் என் தொழிலில் அவர் ஒருவர்தான்.

“தானா போற வண்டின்னா நல்லதுதானுங்களே. நீங்க ஏறி உக்காந்தா போதும்” என்றேன்.

வந்தவர் வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஸ்டோர் கீப்பர். ஐம்பது வயது இருக்கும். சிரிக்கவில்லை. “நீங்க வந்து பாருங்க பாய். துரை உங்களத்தான் கூட்டியாரச் சொன்னாருங்க. முன்னாடி அதுல கை வெச்சது நீங்கதானுங்களே” என்றார்.

எந்த வண்டி என்று அப்போதுதான் புரிந்தது. தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் அப்படி ஒன்றை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போல ஹேண்டில்பார், கால் போட்டு ஏறி உட்காரும் சீட்டு, கீழே மட்டும் நான்கு குண்டுச் சக்கரங்கள். எஸ்டேட் முதலாளி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவழைத்தது. ஜீப் ஏறாத மேட்டுக் காடுகளுக்கு உர மூட்டையோடு ஏறிவிடும். எஸ்டேட்டில் அதற்குத் தவளை வண்டி என்று பெயர். அதை ஓட்ட ஒரே ஒருவர்தான் இருந்தார். கிணத்துக்கடவுக்காரர். முன்பு தேங்காய் லாரி ஓட்டியவர்.

நான்கு மாதம் முன்னால் அதைப் பார்க்க ஒருமுறை மலையேறியிருந்தேன். பட்டனை அழுத்தினால் சில நேரம் செல்ஃப் எடுக்கும், பல நேரம் ஊமையாக இருக்கும். பேட்டரி நன்றாக இருந்தது. ரிலேயும் நன்றாக இருந்தது. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் பிடிபட்டது. கியரில் இருக்கும்போது அந்த வண்டியின் செல்ஃப் எடுக்காது. வண்டி நியூட்ரலில் இருக்கிறது என்று சொல்ல இன்ஜினுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு. அது சரி என்று சொன்னால்தான் ஹேண்டிலில் பச்சை விளக்கு எரியும், செல்ஃபும் சுற்றும். சேற்றில் ஊறி அந்த ஸ்விட்ச் செத்துப் போயிருந்தது. கோயமுத்தூரை விடுங்கள், மதராஸிலும் அதற்கு ஸ்பேர் கிடையாது.

கிடைக்காத ஸ்விட்சுக்கு எங்கள் தொழிலில் ஒரே மருந்துதான். டைரக்ட். ஸ்விட்சைக் கழற்றிவிட்டு, அதற்குப் போகும் ஒயரை நேராக வண்டியின் பாடியில் கொடுத்துவிடுவது. அன்றைக்கு ஊருக்குள் ஓடிய வண்டிகளில் எதை எடுத்தாலும் ஏதாவது ஒன்று டைரக்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதில் எனக்கு வெட்கமில்லை, பெருமைகூட இருந்தது. வெள்ளைக்காரன் யோசித்து யோசித்து வைத்ததை ஒரு துண்டு ஒயரில் முடித்துவிட்டோமே என்ற திமிர். அரை அடி சிவப்பு ஒயரைச் சேர்த்தேன், டேப் சுற்றினேன், டேப்பின் நுனியை மடித்துவிட்டேன். நுனியை மடிப்பது என் பழக்கம். அடுத்த முறை பிரிக்க நகத்தால் சுரண்ட வேண்டியதில்லை.

டிரைவர் வண்டியில் ஏறி, பெட்ரோல் டாங்கைத் தட்டிக்கொடுத்து, “எந்திரி கண்ணு” என்று சொல்லிப் பட்டனை அழுத்தினார். முதல் அழுத்திலேயே எழுந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். டீ குடிக்காமல் விடமாட்டேன் என்றார். எனக்குப் பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. பாதி டீயை வைத்துவிட்டு ஓடினேன்.

இப்போது அதே மலைக்கு, ஸ்டோர் கீப்பரோடு. ஆழியாறு தாண்டி பஸ் வளைய ஆரம்பித்ததும், “டிரைவர் எப்படி இருக்காருங்க?” என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பத்து வளைவுகள் தாண்டியிருப்போம். பனி உள்ளே வந்து ஆட்களின் முகம் மங்கியபோதுதான் பேசினார்.

“அவரு இல்லீங்க பாய். பள்ளத்துல உழுந்துட்டாரு. ஒரு மாசமாச்சுங்க.”

இன்னாலில்லாஹி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். அவர் மெல்ல மெல்லச் சொன்னார். மேட்டுக் காட்டுச் சரிவில் வழியை மறித்து ஒரு கிளை விழுந்து கிடந்திருக்கிறது. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு அதை இழுத்துப்போட இறங்கியிருக்கிறார். பின்னால் நின்ற வண்டி வந்து அவரைத் தள்ளிக்கொண்டு பள்ளத்தில் இறங்கிவிட்டது. பார்த்தவர் யாருமில்லை, கிடந்த கோலத்தை வைத்து ஊகித்ததுதான். குடித்துவிட்டு, வண்டியைச் சரியாக நிறுத்தாமல் இறங்கினார் என்று ஆபீசில் எழுதிவிட்டார்கள்.

“குடிப்பாருங்களா?”

“சம்பளத்தன்னிக்கிக் கொஞ்சம். எல்லாரும் குடிக்கறதுதானுங்களே.”

வண்டியைக் கயிறு கட்டி மேலே இழுத்து ஷெட்டில் வைத்திருந்தார்கள். ஹேண்டில் வளைந்துவிட்டது. சாவி பூட்டுக்குள்ளேயே உடைந்து மாட்டிக்கொண்டதால் இக்னிஷனை அணைக்க முடியவில்லை. கியர் லீவரும் வளைந்து, விழுந்தபோது இருந்த கியரிலேயே இறுகிக் கிடந்தது. என்றாவது ரிப்பேர் பண்ணி ஓட்டலாம் என்று பேட்டரியை மட்டும் சார்ஜரில் போட்டே வைத்திருந்தார்கள். அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. காலையில் ஷெட்டைத் திறந்தால் வண்டி ஒரு முழம் முன்னால் வந்து நிற்கும். ஆட்களை வைத்துத் தூக்கிப் பின்னால் வைத்தால் இரண்டு நாளில் மறுபடியும் வந்து நிற்கும். ஒருநாள் கதவில் முட்டிக்கொண்டு நின்றதாம்.

“உள்ள மொனகற சத்தம் கேக்குமுங்க. அதுக்கு முன்னாடி ஒரு கொரலு. எந்திரி கண்ணுன்னு. என் ரெண்டு காதால கேட்டேன் பாய்.”

“ஆம்பளக் கொரலா?”

“பனிக்குள்ள கேக்கற கொரலுக்கு ஆம்பள பொம்பள ஏதுங்க?”

எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டில் மனைவி ஜின் கதை ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். கரண்டு போகும் வழி எனக்குத் தெரியும், அதில் எந்தப் பேயும் குறுக்கே நின்று நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் பஸ் நிற்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பனியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எஸ்டேட்டில் இறங்கும்போது பகல் பன்னிரண்டு மணி. ஆனால் வெயில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தேயிலைச் செடிகள் நான்கு வரிசைக்கு மேல் கண்ணுக்குத் தெரியவில்லை. இலை பறிக்கும் பெண்களின் பேச்சு மட்டும் பனிக்குள்ளிருந்து வந்தது. ஸ்டோர் கீப்பர் ஷெட்டின் பூட்டைத் திறந்து, சாவியை என் கையில் கொடுத்து, “நான் இங்கயே நிக்கறனுங்க” என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

உள்ளே இருட்டு. அந்த இருட்டுக்கு நடுவில் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண் பழகியதும் வண்டி தெரிந்தது. வளைந்த ஹேண்டிலோடு, கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்ப்பது போல நின்றது. சக்கரங்களின் இடுக்கில் இன்னும் செம்மண் ஒட்டியிருந்தது. நான் டார்ச்சை அடித்துக் கியர் லீவரைப் பார்த்தேன். மறுபடியும் அந்த விளக்கைப் பார்த்தேன்.

கியரில் நிற்கிற வண்டியில் பச்சை விளக்கு எரியக் கூடாது.

மண்டியிட்டு இன்ஜினுக்கு அடியில் கையை விட்டேன். தேட வேண்டியிருக்கவில்லை. அரை அடி சிவப்பு ஒயர். டேப். டேப்பின் மடித்த நுனி. என் கையை நானே இருட்டில் தொட்டுவிட்டது போல இருந்தது.

பிறகு ஹேண்டிலில் இருந்த செல்ஃப் பட்டனைப் பிரித்தேன். உள்ளே தண்ணீர் இறங்கி ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தது. செம்புத் தகடுகள் பச்சை பூத்து, தொட்டும் தொடாமலும் நின்றன. ஈரம் ஏறினால் தானாகச் சேரும். சேர்ந்தால், யாரோ பட்டனை அழுத்தியது போல செல்ஃப் சுற்றும். ஷெட்டில் வண்டி நகர்ந்தது அப்படித்தான். சரிவில் நடந்ததும் அதேதான். லாரி ஓட்டியவர்களுக்கு மலையில் ஒரு பழக்கம் உண்டு. ஹேண்ட் பிரேக்கை நம்ப மாட்டார்கள். கியரில் போட்டுக் கிளட்சைச் சட்டென்று விட்டு, இன்ஜினைத் திணறடித்து நிறுத்திவிட்டு அப்படியே இறங்குவார்கள். கியரில் நிற்கிற வண்டி உருளாது. ஒரு நிமிட வேலைக்குச் சாவியையும் திருப்ப மாட்டார்கள். அவரும் சரியாகத்தான் நிறுத்தியிருக்கிறார். அந்தச் சின்ன ஸ்விட்ச் இருந்திருந்தால், பட்டன் எவ்வளவு நனைந்தாலும் கியரில் செல்ஃப் எடுத்திருக்காது. அதை எடுத்துப்போட்டது நான்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வாசலைத் திரும்பிப் பார்த்தேன். ஸ்டோர் கீப்பர் அந்தப் பக்கம் பார்த்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். பட்டனை மூடினேன். கட்டரை எடுத்து இரண்டு பக்கமும் வெட்டினேன். சிவப்பு ஒயரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பச்சை விளக்கு அணைந்தது. ஒரு நிமிட வேலை. பட்டனில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, மாற்றியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

“எந்திரி கண்ணு.”

எனக்குப் பின்னால், காதுக்குப் பக்கத்தில் கேட்டது. கையிலிருந்த கட்டர் கீழே விழுந்தது.

“பயந்துட்டீங்களா பாய்? நாந்தானுங்க.”

பின்சுவரில் கம்பி வலை போட்ட ஒரு சின்ன ஜன்னல். வலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றிருந்தார். தலையில் துணி, முதுகில் இலைக் கூடை, இடுப்பில் சாக்கு. டிரைவரின் மனைவி. அன்றைக்கு டீ கொண்டுவந்து கொடுத்தது இந்தக் கைதான்.

“நெதமும் எலை போடப் போறப்ப ஒருக்கா வந்து கூப்புடுவேனுங்க. சில நாளைக்கு மொனகும். சில நாளைக்கு அசையும். ஸ்டோர்க்காரரு பேயின்னு பயப்படறாரு. அவராவே இருந்தா நான் எதுக்குங்க பயப்படோணும்?” என்றார். வலையில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்தார். “இன்னிக்கி என்னுங்க வெளக்கு எரியலே?”

சட்டைப் பைக்குள் ஒயரின் வெட்டிய முனை நெஞ்சில் குத்தியது.

“பாய், உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். அவரு குடிச்சிருந்தாரா இல்லியான்னு வண்டியப் பாத்துச் சொல்ல முடியுங்களா? குடிச்சிருந்தாருன்னு எழுதிப்போட்டாங்க. இந்த மாசத்துக்குள்ள லைன் ஊட்டைக் காலி பண்ணச் சொல்றாங்க. ஊடு போனாலும் போவுதுங்க. அன்னிக்கிக் காலையில அவரு என்ற கையால களி தின்னுட்டுப் போனாரு. குடிக்கவே இல்லீங்க. அத யாரு கேக்கறா? எம் புள்ளைங்கள குடிகாரன் புள்ளைங்கன்னுதான சொல்லுவாங்க?”

நான் ஏதோ முணுமுணுத்தேன். அந்தம்மா சமாதானமாகத் தலையாட்டினார்.

“உங்க கையின்னா அவருக்கு அத்தன நம்பிக்கைங்க. பாய் பாத்துட்டுப் போன பொறகு பச்ச வெளக்கு அணையறதே இல்ல, கோயமுத்தூர் கை கோயமுத்தூர் கைதான்னு ஊட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டாருங்க.”

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியாக வேண்டும். “இனி பச்ச வெளக்க நம்பாதீங்க, அது சும்மா எரியும், கியர்ல நின்னாலும் செல்ஃப் எடுத்துரும், சாவிய அணைச்சுட்டு எறங்குங்க.” இதை அன்றைக்கு நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அங்கே மண்டியிட்டபடியே, சொன்னேன், சொன்னேன் என்று எனக்கு நானே அடித்துச் சொல்லிப் பார்த்தேன். நான் சொல்லவில்லை. பஸ் போய்விடும் என்று ஓடினேன். அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்ததுகூட நினைவிருக்கிறது.

எழுந்து வாசலுக்குப் போனேன். “துரையக் கூட்டியாங்க. உடனே வேணும்” என்று ஸ்டோர் கீப்பரிடம் சொன்னேன். அவர் போனதும் திரும்பி வந்து, பையிலிருந்து ஒயரை எடுத்து, இருந்த இடத்திலேயே முறுக்கி வைத்தேன். பச்சை விளக்கு மறுபடி எரிந்தது. ஜன்னலில் அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அழுகை வந்தது.

துரை குடையோடு வந்தார். எஸ்டேட் மேனேஜர், நல்ல வயசுப் பையன், அவசரக்காரர். இரண்டு ஆட்களை வைத்து வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிக் கற்களின் மேல் நிறுத்தினேன். சக்கரங்கள் அந்தரத்தில் நின்றன. கியரில் இருப்பதைக் காட்டினேன். விளக்கு எரிவதைக் காட்டினேன். “இப்ப யாரும் தொட வேண்டாமுங்க” என்று சொல்லி, பட்டன் மேல் தண்ணீர் தெளித்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி தெளித்தேன். ஒன்றுமில்லை. துரை கடிகாரத்தைப் பார்த்தார். ஷெட்டுக்குள் அத்தனை பேர் மூச்சுவிடும் சத்தமும் கேட்டது. வாழ்க்கை முழுக்க வண்டிகளைச் சரிபண்ணியவன், அன்றைக்கு ஒரு கோளாறு வரட்டும் என்று அல்லாவிடம் கெஞ்சினேன். துரை குடையை விரித்துவிட்டார். போகத் திரும்பினார்.

ஜன்னல் பக்கமிருந்து மெல்லக் கேட்டது. “எந்திரி கண்ணு.”

ரிலே டக் என்றது. செல்ஃப் அடித்தொண்டையில் முனகியது. ஆளில்லாத வண்டியில் பின்சக்கரங்கள் இரண்டும் சுற்றின. ஒட்டியிருந்த செம்மண் பிய்ந்து சுவரில் அடித்தது. ஸ்டோர் கீப்பர் முருகா முருகா என்றபடி வெளியே ஓடினார். நான் பேட்டரி ஒயரைப் பிடுங்கும்வரை அது நிற்கவில்லை.

ஈரம் இறங்க அவ்வளவு நேரம் பிடித்தது என்றுதான் கேட்பவர்களுக்கு இன்றைக்கும் சொல்கிறேன். வேறென்ன சொல்ல?

“கியர்ல இருந்தா செல்ஃப் எடுக்கக் கூடாதில்ல? எப்படி எடுக்குது?” என்று துரை கேட்டார்.

“இந்த ஒயராலங்க.”

“யாரு போட்டது?”

“நான் போட்டதுங்க. வெளக்க நம்ப வேண்டாம்னு டிரைவர்கிட்ட நான் சொல்லவும் இல்லீங்க. அவரு வண்டியச் சரியாத்தான் நிறுத்தியிருக்காரு. அவரு மேல தப்பில்ல.”

இதைத் துரையைப் பார்த்துச் சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை. அங்கேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆபீசில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். துரை அதைப் படித்துவிட்டு, இனி இந்த எஸ்டேட் வண்டிகளில் நீங்கள் கை வைக்க வேண்டாம் என்றார். பழைய தாளை எடுத்து, குடித்திருந்தார் என்ற வரியை என் கண்ணெதிரிலேயே அடித்தார். வீட்டைக் காலி பண்ண வேண்டியதில்லை என்று தொழிலாளர் குடியிருப்பு லைனுக்கு ஆள் அனுப்பினார்.

கிளம்பும் முன் ஷெட்டுக்குப் போய் அந்த ஒயரையும் பட்டனையும் எடுத்தேன். சார்ஜரைக் கழற்றினேன். விளக்கு இல்லாமல் அது ஒரு வளைந்த இரும்பாக மட்டும் கிடந்தது. வெளியே வந்தபோது அந்தம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தார்.

“ஊட்டுக்கு ஆள் வந்து சொல்லிட்டுப் போச்சுங்க” என்றார். ஷெட் பக்கம் திரும்பி, “இனி அசையாதுங்களா?” என்று கேட்டார்.

“அசையாதுங்க அம்மணி.”

“நான் கூப்புட்டாலுமா?”

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

“மொத தடவ தெரியாமப் பண்ணிப்போட்டீங்க” என்றார். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. “இப்பத் தெரிஞ்சே பண்ணிப்போட்டீங்க.”

கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டு எடை போடும் இடத்தைப் பார்த்து நடந்தார். நான்கு வரிசை தாண்டியதும் பனி அவரை மூடிவிட்டது.